பேசின் பிரிட்ஜில் வண்டி நிற்கும்போது

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தார். "டீச்சர், டிசம்பர் லீவுக்குப் பிள்ளைங்களோட வர்றேன். மெட்ராஸ் சுத்திக் காட்டணும். இது போதுமான்னு பாருங்க." மெரினா, கபாலீசுவரர் கோயில், சாந்தோம், எழும்பூர் மியூசியம், வண்டலூர், மகாபலிபுரம், கூடவே இரண்டு மால். எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் அந்தப் பையன் பிறந்தது புளியந்தோப்பு. லிஸ்டில் சென்ட்ரலுக்கு வடக்கே ஒரே ஒரு இடம்கூட இல்லை. "நம்ம பக்கம் ஒண்ணும் கிடையாதாப்பா?" என்று கேட்டேன். "அங்க என்ன டீச்சர் இருக்கு, காட்டறதுக்கு?" என்று பதில் வந்தது. சிரிக்கிற பொம்மை ஒன்றும் கூடவே.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளைகளில் பலர் வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முகவரியில் பேசின் பிரிட்ஜ் என்று எழுதாமல் "சென்ட்ரல் அருகில்" என்று எழுதியவர்கள். ஒருவரிடம் நேர்முகத் தேர்வில், "அந்தப் பக்கமா? ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு பத்திரமா வீட்டுக்குப் போயிடுவீங்களா?" என்று கேட்டார்களாம். எந்தக் கம்பெனி என்பது இப்போது வேண்டாம். இந்தப் பதிவு அவருக்கு மட்டும் எழுதும் பதில் இல்லை. உங்கள் எல்லாருக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

ரயிலில் சென்னைக்கு வந்த யாருக்கும் பேசின் பிரிட்ஜ் தெரியும். ஊர் வந்துவிட்டது என்று பெட்டியை இறக்கி, செருப்பு மாட்டி, வாசலுக்கு வந்து நின்றதும் வண்டி நின்றுவிடும். பத்து நிமிடம், சில நாள் அரை மணி நேரம். காரணம் எளிது. வடக்கே கூடூர் பக்கமிருந்து வரும் பாதையும், மேற்கே அரக்கோணத்திலிருந்து வரும் பாதையும், கடற்கரைப் பக்கத்துப் பாதையும் இங்கேதான் ஒன்றை ஒன்று தொடுகின்றன. இதற்கு அப்புறம் சென்ட்ரல், அதோடு பாதை முடிந்தது. உள்ளே பிளாட்பாரம் காலியானால்தான் வெளியே நிற்கும் வண்டி நகர முடியும். நீண்ட தூரம் ஓடி வரும் ரயில்களைக் கழுவி, பழுது பார்த்து, திரும்ப அனுப்பும் பெரிய பணிமனையும் இங்கேதான். ஆகவே ஜன்னலில் தெரிவதெல்லாம் தண்டவாளம், கழுவ நிற்கும் பெட்டிகள், கறுப்பாக ஒரு கால்வாய். மூக்கைப் பொத்திக்கொள்வோம்.

அந்தக் கால்வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

'பேசின்' என்றால் படகுகள் வந்து நின்று சரக்கு இறக்கும் நீர்த்துறை. 1801-ல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். முதலில் அவர் பெயரிலேயே 'காக்ரேன் கால்வாய்' என்று இருந்தது. பிறகு பழவேற்காடு தாண்டி ஆந்திரக் கரை வரை நீண்டது. (இந்த மனிதர் ஊர் திரும்பிய பிறகு லண்டனில் நீராவிக் குளியல் கூடம் நடத்தினார். அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்தான் பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது, இங்கிலாந்துக்கு 'ஷாம்பூ'வைக் கொண்டுபோனவர். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் விழித்துக்கொள்ளும்.) ஸ்ரீஹரிக்கோட்டா காட்டு விறகு இந்தக் கால்வாய் வழியாகத்தான் மெட்ராஸ் அடுப்புகளுக்கு வந்தது. உப்பும் வந்தது. உப்பைக் கொட்டிவைத்த கொட்டாரம்தான் வெள்ளைக்காரன் நாக்கில் 'சால்ட் கொட்டார்ஸ்' ஆகி, இன்றும் ரயில்வே சரக்கு முனையத்தின் பெயராக நிற்கிறது. ராக்கெட் ஏவும் தீவு ஒரு காலத்தில் நமக்கு விறகுக் கடை.

1876 முதல் 78 வரை தாது வருடப் பஞ்சம். தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் செத்த பஞ்சம். மெட்ராஸுக்குப் பசியோடு நடந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்று, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்ட வைத்தார்கள். அந்தப் பஞ்சத்து நிவாரண வேலைகளில் ஒரு கட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று குறைத்துவிட்டார்கள். ஒரு ராத்தல் என்றால் அரை கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். கால்வாய் முடிந்ததும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

அதே பிரபுவின் பெயரில்தான் பக்கத்தில் பக்கிங்காம் மில்லும் வந்தது. பிறகு கர்நாடிக் மில். இரண்டும் சேர்ந்து 1920-ல் பி அண்ட் சி மில். நம் வாயில் 'பின்னி மில்'. போர்க்காலங்களில் காக்கித் துணிக்குப் பேர்போன ஆலை. உங்களில் எத்தனை பேர் வீட்டுத் தாத்தா அங்கே வேலை பார்த்தவர் என்று கை தூக்கச் சொன்னால் பாதிக் கைகள் எழும்.

அந்த ஆலைத் தொழிலாளர்களிடமிருந்துதான் 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று இரண்டு பேர் பெரம்பூரில் பக்திச் சொற்பொழிவு சபை நடத்தி வந்தார்கள். வேலை முடிந்து வரும் தொழிலாளிகள் அங்கே கூடுவார்கள். சொற்பொழிவு கேட்க வந்தவர்கள் தங்கள் குறையைப் பேசத் தொடங்கினார்கள். மத்தியானம் சாப்பிட விடும் நேரம் போதவில்லை, மேலதிகாரி கை நீட்டுகிறான், இப்படி. தலைவராக பி.பி. வாடியா வந்தார். திரு.வி.க. தோள் கொடுத்தார். தமிழ் ஆசிரியராக இருந்தவர் தொழிலாளர் மேடைக்கு வந்தார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

1921-ல் பெரிய வேலைநிறுத்தம். ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை இழுத்தது. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. இதைப் பெருமையாகச் சொல்லும் பலர் அடுத்த வரியைச் சொல்வதில்லை. அந்த வேலைநிறுத்தத்தில் சாதி குறுக்கே வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அந்தப் பகை முற்றி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் கொளுத்தினார்கள். நூறு வருடம் ஆகிவிட்டது. அந்தத் தெருக்கள் வழியாக நடக்கும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். இனிப்பானதை மட்டும் சொன்னால் அது வரலாறு ஆகாது, கல்யாணப் பத்திரிகை ஆகிவிடும்.

ஆலை 1996-ல் மூடியது. பிறகு சினிமாக்காரர்கள் வந்து சண்டைக் காட்சி எடுத்தார்கள். இப்போது அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. ஆகவே அங்கே 'பார்க்க' அதிகம் இல்லை. தெருப் பெயர்களையும் வயதானவர்களின் பேச்சையும் நம்பித்தான் போக வேண்டும்.

பார்க்கக் கட்டடம் வேண்டும் என்பவர்கள் நேராக ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போங்கள். கடற்கரை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை கிளம்பியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு பம்பாயிலும் இரண்டு ஆண்டுகள் முன்பு கல்கத்தாவிலும் ரயில் ஓடிவிட்டது. ஆனால் அந்த இரண்டு ஊரிலும் முதல் ஸ்டேஷன் கட்டடம் இன்று இல்லை. நம்முடையது நிற்கிறது. பெரிய தூண்கள், அகலமான முகப்பு, உயரமான கூரை. சென்ட்ரல் 1873-ல்தான் வந்தது. அதற்கு முன் பதினேழு வருடம் மெட்ராஸுக்கு ரயிலில் வருவது என்றால் ராயபுரத்துக்கு வருவது. இடையில் கட்டடம் பாழடைந்து, 2005-ல் சீர்செய்து திறந்தார்கள். சென்ட்ரல் முன்னால் நின்று படம் எடுக்கும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் இங்கே வந்தால் போதும் என்று நினைப்பேன்.

ராயபுரம் என்ற பெயரைப் பற்றி: ராயப்பர் என்பது தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவை அழைக்கும் பெயர். பேதுரு மீனவர். இங்கே இருக்கும் ராயப்பர் கோயிலைக் கட்டியவர்கள் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே படகோட்டியவர்கள், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தங்கள் வருமானத்தில் ஒதுக்கிய மகமைப் பணத்தில். மெட்ராஸில் அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். கவர்னர் ஆனாலும் சரி, சாராயப் பீப்பாய் ஆனாலும் சரி, மசூலாப் படகில் இறங்கித்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த படகு நம் அலையில் உடைந்துவிடும் என்பதால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு வளைந்து கொடுக்கும். இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு பேரரசின் வியாபாரம் இந்தத் தையல் படகுகளின் மேல் நடந்தது.

பக்கத்திலேயே அரத்தூன் சாலையில் பார்சிகளின் அக்னிக் கோயில், 1910-ல் கட்டியது. மகன் ஜாலை இழந்த பிரோஜ் கிளப்வாலா அவன் நினைவாகக் கட்டிக் கொடுத்தார். தமிழ்நாட்டில் அவர்களுக்கு இது ஒன்றுதான். மற்றவர்கள் உள்ளே போக முடியாது, தெருவில் நின்று பார்த்துவிட்டு வரலாம். ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18-ல் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததே. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை உங்கள் பாட்டி 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று ஏன் சொன்னார் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் சேர்ந்து அடித்த காலத்தில், 1782-ல், அங்கே மணியக்காரர் சத்திரம் என்று ஒரு கஞ்சி ஊற்றும் இடம் வைத்தார்கள். சத்திரத்தோடு வைத்தியமும் வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரி ஆனது. பாட்டி சொன்னது சரித்திரம்.

ஹைதர் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1769-ல் அவர் குதிரைப்படை மெட்ராஸ் வாசல் வரை வந்து போனதும் கும்பெனிக்குப் பயம் பிடித்து, ஊரைச் சுற்றி மதில் கட்டியது. செலவை ஊரார் தலையில் வரியாகப் போட நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் வசூலாகிவிட்டது! மதிலின் ஒரு துண்டு பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப் பூங்காவாக மிச்சம் இருக்கிறது.

இனி கடல். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது மெரினா. கவர்னர் கிரான்ட் டஃப் 1884-ல் அங்கே உலாவும் பாதை போட்டு அந்தப் பெயரையும் வைத்தார். அந்த அகலமான மணல் எப்போதும் அப்படியே இருந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். இல்லை. நம் கிழக்குக் கரையில் அலையோட்டம் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டே போகும். கரையோரமாக ஒரு மணல் ஆறு நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1870-களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கைகளை நீட்டத் தொடங்கினார்கள். 1881-ல் ஒரு புயல் வந்து பெரும்பகுதியை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவரில் மணல் ஆறு முட்டி நின்றது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. வந்த அலை இருந்த மணலையும் எடுத்துக்கொண்டு போனது.

ராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கடற்கரை என்று ஒன்று இருந்தது. வலை உலர்த்தினார்கள், படகை இழுத்துப் போட்டார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள். வீடும் தெருவும் கோயிலும் கடலுக்குள் போன கதை இந்தக் குப்பங்களில் எந்த வீட்டுத் திண்ணையிலும் கிடைக்கும். என்னிடம் படித்த ஒரு பெண், "எங்க ஆயா வீடு எங்க இருக்கு" என்று கேட்டால் கடலைக் கை காட்டுவாள். இப்போது அங்கே கருங்கல் குவியல். நடுநடுவே மணலைப் பிடித்து வைக்கத் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.

அதனால் பிள்ளைகளை மெரினாவுக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். உழைப்பாளர் சிலையைக் காட்டுங்கள். ராய் சவுத்ரி செய்தது, 1959-லிருந்து நான்கு பேர் அங்கே பாறையை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கே, அல்லது மறுநாள், எண்ணூர் விரைவுச் சாலையில் ஏதாவது ஒரு கல் சுவர் மேல் ஏற்றி நிறுத்தி, "அங்க நீ ஓடி விளையாடின மணல் இங்க வந்திருக்க வேண்டியது" என்று சொல்லுங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் போனால் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

மின்சாரக் கதையும் இதே மாதிரிதான். இந்த ஊர் வீடுகளுக்கு முதலில் விளக்கெரிய வைத்த மின்நிலையங்களில் பேசின் பிரிட்ஜ் முக்கியமானது. நிலக்கரி எரித்த அந்த நிலையம் போய், 1996 முதல் 120 மெகாவாட் எரிவாயுச் சுழலி நிலையம் இருக்கிறது. புகை பிறகு எண்ணூருக்குப் போனது. அங்கே அனல் மின்நிலையங்களின் சாம்பல் ஆற்று முகத்துவாரத்தில் படிந்தது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய்ப் படலம் வேறு. இறால் பிடிப்பவர்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவிப் பிடிக்கிற முகத்துவாரம் அது. இதைச் சுற்றுலா இடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வளர்ந்த பிள்ளைகள் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

திருவொற்றியூரைப் பற்றித் தனியாக ஒரு பதிவே போடலாம், அவ்வளவு இருக்கிறது. தியாகராசர் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பிய தூங்கானை வடிவ விமானத்தைச் சுற்றி வந்து பாருங்கள். யானை படுத்திருக்கிற முதுகு மாதிரி இருக்கும். சுந்தரர் சங்கிலியாரை மணந்து, உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து, அதை மீறிக் கண் இழந்த ஊர். வள்ளலார் ஏழுகிணற்று வீட்டிலிருந்து இந்தக் கோயிலுக்கு நடந்தே வருவார் என்பார்கள். பட்டினத்தார் சமாதி கடலோரம். காதற்ற ஊசியும் கூட வராது என்ற மனிதர் அடங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ராயபுரம் ஸ்டேஷனுக்கு மறக்காமல் பிளாட்பார டிக்கெட் எடுங்கள். திருவொற்றியூருக்கு இப்போது மெட்ரோ இருக்கிறது, தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் கோயில் பக்கம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டால், சாயங்காலம் கடற்கரை ஸ்டேஷன் எதிரே அத்தோ சாப்பிடலாம். பர்மாவிலிருந்து 1960-களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நம் மக்கள் கொண்டுவந்த சாப்பாடு அது, முட்டை மசாலாவும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காசிமேடு போவதானால் ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன். ஏலம் விடும் அம்மாக்களைப் படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள், சும்மா கேட்டாலே சிரித்துக்கொண்டு போஸ் கொடுப்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அப்போது போய் ஏமாறாதீர்கள். பழைய செருப்பு போட்டுப் போங்கள். கேரியர் பை ஒன்று கையில் இருக்கட்டும், வஞ்சிரத்தை விட்டுவிட்டுக் காரப்பொடியும் நெத்திலியும் வாங்குங்கள்.